முக்கால் ஜல்லியும் மூன்று அளவைகளும்

எடை, அளவைச் சட்டம் வந்தது 1956-இல். மதிப்பீடு, ஒப்பந்தம், எம்-புக் (முடிந்த வேலையின் அளவைப் பதியும் புத்தகம்) என்று சாலை வேலையின் காகிதம் அத்தனையும் மீட்டருக்கு மாறி இரண்டு தலைமுறை ஆகிவிட்டது. குவாரியில் போய் 20 மி.மீ. ஜல்லி கேட்டால் இன்றும் "முக்கால் ரெண்டு யூனிட்" என்றுதான் குரல் போகும். முக்கால் என்றால் முக்கால் இஞ்ச். அதே கணக்கில் 40 மி.மீ. ஒன்றரை, 12 மி.மீ. அரை, 6 மி.மீ. கால். இந்தப் பெயர்களால் கெடுதல் இல்லை, எல்லாருக்கும் புரிகிறது. கெடுதல் யூனிட்டில்தான்.

ஒரு யூனிட் 100 கன அடி, அதாவது 2.83 கன மீட்டர். வேலை நடக்கும் இடத்தில் வாய்க்கணக்காக அதை மூன்று என்று வைத்துக்கொள்வார்கள். 3.75 மீட்டர் அகலத்தில் ஒரு கிலோமீட்டருக்கு 75 மி.மீ. வெட் மிக்ஸ் (தாருக்கு அடியில் வரும், தண்ணீர் கலந்த ஜல்லி அடுக்கு) போடுகிறோம் என்று வையுங்கள். உருட்டி முடித்த பின் 281 கன மீட்டர். உருட்டுமுன் 1.33 மடங்கு வேண்டும் என்றால் 374. 2.83-ஆல் வகுத்தால் 132 யூனிட், மூன்றால் வகுத்தால் 125. கடைசி ஐம்பது மீட்டருக்கும் மேல் ஜல்லி இருக்காது. பல இடங்களில் அது வெளியே தெரிவதுமில்லை, முழு நீளத்துக்கும் இழுத்து விரித்து 71 மி.மீ.யில் முடித்துவிடுவார்கள். மழைக்காலம் வந்து சக்கரத் தடம் பதியும்போது தாரைக் குறை சொல்வோம்.

லாரித் தொட்டியை அளக்கும்போது இன்னொரு தவறு நடக்கிறது. டேப்பின் ஒரு பக்கம் அடி, மறுபக்கம் மீட்டர். ஆழம் 2 அடி 10 இஞ்ச் என்று ஒருவர் படிக்க, மற்றவர் 2.10 என்று எழுதிவிடுவார். சரியான கணக்கு 2.83 அடி. கால் பங்குக்கு மேல் அங்கேயே காணாமல் போகிறது. அளக்கும் ஆளுக்கு மீட்டர் மட்டும் அச்சடித்த டேப்பைக் கொடுப்பதே பெரிய சீர்திருத்தம். அதைவிட நல்லது எடைமேடைச் சீட்டை வைத்துக் கணக்குப் பார்ப்பது. 15 லிட்டர் உருளையில் ஜல்லியை நிரப்பி எடைபோட்டு, வாரம் ஒருமுறை அடர்த்தி எடுத்து வைத்துக்கொண்டால் டன்னிலிருந்து நேராகக் கன மீட்டருக்கு வந்துவிடலாம். நடுவில் யூனிட்டே வராது.

சாலை அடுக்கின் கனத்திலும், அதாவது தடிமனிலும், இதே கதை. 50 மி.மீ.யை ரெண்டு இஞ்ச் என்றால் நட்டமில்லை. 40 மி.மீ. மேல்தளத்தை ஒன்றரை இஞ்ச் என்றால் 38.1. ஏழு மீட்டர் சாலையில் கிலோமீட்டருக்கு முப்பது டன் கலவை குறையும். பேவரில் (தார்க்கலவையை விரிக்கும் இயந்திரத்தில்) வேலை செய்பவரிடம் மி.மீ.யில் மட்டும் பேச வேண்டும், உருட்டுமுன் கனமா உருட்டிய கனமா என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஆய்வகம் வேறு மாதிரி. தார்க்கலவையின் வலிமையைப் பார்க்கும் மார்ஷல் சோதனையில் அச்சின் விட்டம் 101.6 மி.மீ., சுத்தியல் 4.54 கிலோ, விழும் உயரம் 457 மி.மீ. நாலு இஞ்ச், பத்து பவுண்டு, பதினெட்டு இஞ்ச் மீட்டர் வேடத்தில் வந்த எண்கள் இவை. அழகாக இருக்கட்டும் என்று 100 ஆக்கினால் வரும் முடிவை எதோடும் ஒப்பிட முடியாது. 19, 9.5, 4.75 சல்லடைகளும் அப்படி வந்தவையே.

மனதை அதிகம் உறுத்துவது நில எடுப்புதான். அறிவிப்பில் 162 சதுர மீட்டர் என்று வரும். நாலு சென்ட் என்று சொன்னால்தான் நிலத்துக்காரருக்குத் தன் வயலின் மூலை கண்ணில் தெரியும். அறிவிப்போடு ஒரு தாளில் சென்ட்டையும் எழுதிக் கொடுக்க எவ்வளவு நேரம் ஆகும்? பழைய புலப்படத்தில் (நிலத்தின் சர்வே வரைபடத்தில்) அளவு லிங்க்கில் இருக்கும், எண்ணுக்குப் பக்கத்தில் அலகு இருக்காது. ஒரு லிங்க் 20.12 செ.மீ. 45 என்றிருப்பதை அடி என்று எடுத்தால் எல்லைக்கல் நாலரை மீட்டருக்கும் மேல் தள்ளி, யாரோ ஒருவரின் கிணற்று மேட்டில் போய் நிற்கும்.