லாகின் ஃபெயில்ட்: ஒரு சப்போர்ட்காரனின் நாட்குறிப்பு

22 அக்டோபர் 2025, புதன்

தீபாவளி விடுமுறை முடிந்து கடைகள் திறக்கும் நாளில் எங்களுக்குப் போன் ஓயாது. இந்த வருடம் இன்னொரு காரணமும் சேர்ந்துகொண்டது. 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான ஆதரவு முடிகிறது என்று தெரிந்து, ஆயுத பூஜைக்கே புது மெஷின் வாங்கியவர்கள் ஈரோட்டைச் சுற்றி நிறையப் பேர். கேபினெட்டில் வைத்த சந்தனம்கூட இன்னும் உதிரவில்லை, அதற்குள் எங்கள் பில்லிங் சாஃப்ட்வேர் திறக்கவில்லை என்று அழைப்பு.

முதலில் காங்கேயத்தில் ஒரு அரிசி ஆலை. எரர் 26. அதாவது நீங்கள் சொன்ன சர்வரையோ (டேட்டாபேஸ் இருக்கும் மெஷின்) இன்ஸ்டன்ஸையோ (அதில் ஓடும் டேட்டாபேஸ் நிறுவல்) தேடிக் கண்டுபிடிக்க முடியவில்லை என்கிறது. இதில் பாஸ்வேர்டுக்கு வேலையே இல்லை, ஏனென்றால் பேச்சு அந்த இடம் வரைக்கும் போகவே இல்லை. ஆனாலும் அவர்கள் போன் போடுவதற்கு முன்பே பாஸ்வேர்டை இரண்டு தரம் மாற்றிவிட்டார்கள். புதிதாக வேலைக்குச் சேரும் பையன்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான். சர்வரைத் தொடவே முடியவில்லையா, தொட்ட பிறகு சர்வர் மறுக்கிறதா? 26, 40 என்று வந்தால் முதல் வகை. 18 ஆயிரத்தில் தொடங்கும் எண் வந்தால் அநேகமாக இரண்டாவது வகை. இதைப் பிரிக்காமல் எதிலும் கை வைக்கக் கூடாது.

ஆலையில் விஷயம் சின்னது. எங்கள் சாஃப்ட்வேரின் டேட்டாபேஸ் ஓடுவது மைக்ரோசாஃப்டின் எஸ்க்யூஎல் சர்வரில், அதன் இலவசப் பதிப்பான எக்ஸ்பிரஸில். இங்கே அதற்குப் பெயர் வைத்த இன்ஸ்டன்ஸ். அது எந்த போர்ட்டில் இருக்கிறது என்று கேட்பவருக்குச் சொல்லும் வேலை எஸ்க்யூஎல் பிரௌசர் என்ற சர்வீஸுடையது, யுடிபி 1434ல். அந்த சர்வீஸ் நின்று கிடந்தது. போதாததற்குப் புது மெஷினில் நெட்வொர்க் பப்ளிக் என்று பதிவாகியிருந்தது. ஃபயர்வாலில் நாங்கள் போட்ட விதி பிரைவேட்டுக்கு மட்டும். இரண்டையும் இங்கிருந்தே அவர்கள் திரையை இயக்கும் எனிடெஸ்கிலேயே சரிசெய்து கொடுத்தேன்.

சாயந்திரம் ஈரோட்டு மஞ்சள் மண்டி ஒன்றிலிருந்து கணக்குப் பார்க்கும் மேடம். "சார், பண்டிகைக்கு முன்னாடி வரைக்கும் நல்லா ஓடுச்சுங்க. இன்னைக்குத் திறந்தா நம்பிக்கை இல்லாத டொமைன்னு வருதுங்க. நாங்க டொமைனே வாங்கலீங்களே!" எரர் 18452. சர்வரில் மட்டும் திறக்கிறது, மற்ற எல்லா மெஷினும் வெளியே நிற்கின்றன. நாளைக்கு நேரில் வருகிறேன் என்றேன்.

23 அக்டோபர், வியாழன்

மண்டியில் எல்லா யூசரையும் ஒரே இடத்தில் வைத்து ஆளும் டொமைன் கிடையாது, ஒவ்வொரு மெஷினும் தன் யூசரைத் தானே வைத்திருக்கும் வெறும் வொர்க்குரூப். விஷுவல் பேசிக் 6ல் எழுதிய எங்கள் பழைய சாஃப்ட்வேர் விண்டோஸ் அடையாளத்தை வைத்தே எஸ்க்யூஎல் சர்வருக்குள் போகும். வொர்க்குரூப்பில் அதற்கு ஒரு பழைய வழி உண்டு. கிளையன்டில், அதாவது சர்வரைக் கேட்கும் மெஷினில், இருக்கும் அதே யூசர் பெயரும் அதே பாஸ்வேர்டும் சர்வரிலும் இருக்க வேண்டும். இருந்தால் அடையாளத்தைச் சரிபார்க்கும் விண்டோஸின் என்டிஎல்எம் முறை ஒத்துக்கொள்ளும். வருடக்கணக்காக எத்தனையோ கடைகளில் இப்படித்தான் ஓடுகிறது.

இரண்டு பக்கமும் பாஸ்வேர்டைப் புதிதாகப் போட்டுப் பார்த்தேன். மாற்றமில்லை. விண்டோஸ் பாஸ்வேர்டுகளைச் சேமித்துவைக்கும் கிரெடென்ஷியல் மேனேஜரில் பழையது ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்த்தேன், காலி. பாஸ்வேர்டே இல்லாத கணக்காக இருந்தால் விண்டோஸ் நெட்வொர்க் வழியாக விடாது, அதுவும் இல்லை. எஸ்க்யூஎல் சர்வரின் போர்ட் 1433 திறந்திருக்கிறதா என்று பவர்ஷெல்லில் டெஸ்ட்-நெட்கனெக்ஷன் போட்டால் ட்ரூ என்கிறது. அப்படியானால் பாதை சரி. தொட்ட பிறகுதான் மறுப்பு.

அடுத்து சர்வரின் எரர்லாக். சி டிரைவில் எஸ்க்யூஎல் சர்வர் ஃபோல்டருக்குள் லாக் என்று ஒன்று இருக்கும், அதில் எரர்லாக் என்ற கோப்பு. எக்ஸ்டென்ஷன் இல்லாததால் பலரும் அதைத் திறப்பதே இல்லை. நோட்பேடில் திறக்கும். மூன்று மாதம் கிளையன்ட் திரையையே முறைத்துக்கொண்டிருந்தாலும் காரணம் தெரியாது, வேண்டுமென்றேதான் சொல்லாமல் விட்டிருக்கிறார்கள். லாகின் தோல்வி என்ற 18456 வந்தால் கிளையன்டுக்கு எப்போதும் ஸ்டேட், அதாவது காரண எண், 1 என்றுதான் காட்டும். யூசர் பெயர் தவறா, பாஸ்வேர்ட் தவறா என்று திருடனுக்குத் துப்புக் கொடுக்கக் கூடாது அல்லவா? சர்வர் லாகில்தான் உண்மையான எண் இருக்கும். 5 என்றால் அப்படி ஒரு லாகினே இல்லை. 8 என்றால் பாஸ்வேர்ட் தப்பு. 38 என்றால் கேட்ட டேட்டாபேஸ் கிடைக்கவில்லை. 58 என்றால் சர்வர் விண்டோஸ் லாகினை மட்டும் ஏற்கும் நிலையில் இருக்கிறது.

இங்கே லாகில் இருந்தது வேறு. 17806, எஸ்எஸ்பிஐ (விண்டோஸ் அடையாளத்தைச் சரிபார்க்கும் பகுதி) கைகுலுக்கல் தோல்வி. அதன் பின்னாலேயே 18452. ஆக எஸ்க்யூஎல் சர்வர் தன் யூசர் பட்டியலைப் பார்க்கும் கட்டமே வரவில்லை. அதற்கு முன்னால் விண்டோஸே கையை விரித்துவிட்டது.

கிளம்பும்போது மேடம் சாதாரணமாக ஒன்று சொன்னார். "சார், பட்டியல் சேவ் பண்ற ஷேர் ஃபோல்டரும் திறக்கலீங்க. யூசர் பாஸ்வேர்ட் கேட்டுக்கிட்டே இருக்குதுங்க." எஸ்க்யூஎல்லுக்கும் ஷேர் ஃபோல்டருக்கும் பொதுவாக இருப்பது விண்டோஸ் அடையாளம் ஒன்றுதான். இரண்டு நாளாக டேட்டாபேஸ் என்று நினைத்துக்கொண்டிருந்தது டேட்டாபேஸே இல்லை.

24 அக்டோபர், வெள்ளி

ஈவென்ட் வியூவரில் சிஸ்டம் லாக். எல்எஸ்ஏஎஸ்ஆர்வி என்ற மூலத்திலிருந்து ஈவென்ட் 6167. மெஷின் ஐடி ஓரளவு பொருந்தவில்லை, டிக்கெட் யாராலோ மாற்றப்பட்டிருக்கலாம் அல்லது வேறு பூட் செஷனைச் சேர்ந்தது என்று சொல்கிறது. படித்தால் யாரோ ஹேக்கர் புகுந்துவிட்டான் என்று பயம் வரும். கடைக்காரர்களிடம் இதை மொழிபெயர்த்துச் சொல்லாமல் இருப்பது நல்லது.

மேடத்தை ஒரு மெஷினில் உட்காரவைத்து, நான் சர்வரில் உட்கார்ந்தேன். கமாண்ட் பிராம்ப்டில் ஹூஆம்ஐ, ஒரு இடைவெளி, ஸ்லாஷ், யூசர். எஸ்-1-5-21 என்று தொடங்கி நீளமாக மூன்று எண்கள், கடைசியில் 1001 என்று வரும். இதுதான் எஸ்ஐடி, விண்டோஸ் கொடுக்கும் அடையாள எண். கடைசித் துண்டு யூசருக்கு உரியது. நடுவில் இருக்கும் மூன்றும் அந்த விண்டோஸ் நிறுவலுக்கே உரியவை, இன்னொரு மெஷினில் அதே எண்கள் வரக் கூடாது. அவர் மூட்டை எண்ணிக்கை படிக்கிற ராகத்தில் ஒவ்வொரு இலக்கமாகப் படிக்க, நான் என் திரையில் விரல் வைத்துக்கொண்டே போனேன். முதல் எண் முடிந்தது, ஒன்றே. இரண்டாவதும் ஒன்றே. மூன்றாவதில் பாதியிலேயே, "போதுங்க மேடம்" என்றேன். அடுத்தடுத்த மேசைகளிலும் அதேதான்.

மெஷின் கொடுத்தவர் ஒரு எஸ்எஸ்டியில் விண்டோஸ் 11ஐ ஏற்றி, ஆபீஸ், தமிழ் ஃபான்ட், பிரிண்டர் டிரைவர் எல்லாம் போட்டு, அதை அப்படியே மற்ற எஸ்எஸ்டிகளுக்கு குளோன் எடுத்திருக்கிறார். குளோன் எடுக்கும் முன், அந்த மெஷினுக்கே உரிய அடையாளங்களை நீக்கும் சிஸ்பிரெப் என்ற விண்டோஸ் கருவியை ஜெனரலைஸ் என்ற சுவிட்சோடு ஓட்ட வேண்டும். அதை விட்டுவிட்டார்.

அவர்மேல் முழுப் பழியையும் போடவும் மனசு வரவில்லை. மைக்ரோசாஃப்டின் மார்க் ருசினோவிச் 2009லேயே, மெஷின் எஸ்ஐடி ஒன்றாக இருப்பதால் நடைமுறையில் கெடுதல் இல்லை, அது வெறும் கட்டுக்கதை என்று எழுதி, எஸ்ஐடியை மாற்றித் தரும் தன்னுடைய நியூசிட் கருவியையே ஓய்வில் அனுப்பினார். குளோனுக்கு சிஸ்பிரெப் கட்டாயம் என்ற விதி அப்போதும் இருந்தது, ஆனால் மீறினாலும் ஒன்றும் ஆகாது என்று ஊரே பழகிவிட்டது. இந்த ஆகஸ்ட் 29 அன்றும் அதற்குப் பிறகும் வந்த அப்டேட்கள் விண்டோஸ் 11ன் 24எச்2, 25எச்2 பதிப்புகள், விண்டோஸ் சர்வர் 2025 ஆகியவற்றில் எஸ்ஐடியைக் கண்டிப்பாகச் சரிபார்க்கின்றன. ஒரே எஸ்ஐடி உள்ள இரண்டு மெஷின்களுக்கு நடுவே அடையாளம் சரிபார்க்கும் இன்னொரு முறையான கெர்பரோஸும் நடக்காது, என்டிஎல்எம்மும் நடக்காது. ஷேர் ஃபோல்டர், ரிமோட் டெஸ்க்டாப் இரண்டும் சேர்ந்து விழும். மண்டியில் அப்டேட் வரலாற்றைப் பார்த்தேன். எல்லா மெஷினிலும் லீவுக்கு முன்தினம் ஷட்டவுன் செய்தபோதுதான் ஏறியிருக்கிறது.

மெஷின் கொடுத்தவருக்குப் போன். "அண்ணா, சிஸ்பிரெப் போட்டீங்களா?" பதில் வர நேரமாயிற்று. "தம்பி, பதினஞ்சு வருஷமா இப்படித்தான் பண்றேன்."

25 அக்டோபர், சனி

தீபாவளிக்காக 20ஆம் தேதியிலிருந்து தள்ளிவைத்த ஜிஎஸ்டிஆர்-3பி என்ற ஜிஎஸ்டி ரிட்டர்னின் கெடு இன்றைக்கு முடிகிறது. மெஷின்களைப் பிரித்துப் போட முடியாது. இன்றைக்கே ஓட வேண்டும்.

ஒட்டுப்போட ஒரு வழி இருந்தது. எஸ்க்யூஎல் சர்வரின் சொந்த லாகினுக்கு விண்டோஸ் அடையாளம் தேவையில்லை. பெயரும் பாஸ்வேர்டும் நேராக எஸ்க்யூஎல்லுக்கே போகும், நடுவில் என்டிஎல்எம் வராது. ஆனால் எக்ஸ்பிரஸ் நிறுவும்போது எதையும் மாற்றாமல் நெக்ஸ்ட் நெக்ஸ்ட் என்று போயிருந்தால் விண்டோஸ் லாகின் மட்டும்தான் அனுமதி. மேனேஜ்மென்ட் ஸ்டூடியோவில் சர்வர் பிராபர்டீஸ், செக்யூரிட்டி, அங்கே இரண்டு வகையும் ஏற்கும்படி மாற்றி, சர்வீஸை ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். ரீஸ்டார்ட் செய்யாமல் லாகினை முயற்சித்தால் 58 வரும், மாற்றிவிட்டோமே என்று தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

சாஃப்ட்வேருக்கென்று தனி லாகின் போட்டு, அந்த ஒரு டேட்டாபேஸில் படிக்க, எழுத மட்டும் உரிமை கொடுத்தேன். அவசரத்துக்கு எல்லா உரிமையும் உள்ள எஸ்ஏ லாகினைக் கொடுத்துவிட்டு வரும் பழக்கம் எங்கள் தொழிலில் உண்டு. அப்படி வந்தால் அந்த அவசரம் பத்து வருடம் அங்கேயே கிடக்கும்.

சர்வரின் முகவரியை சாஃப்ட்வேருக்குச் சொல்லும் கனெக்ஷன் ஸ்டிரிங்கில் ஐபி, கமா, 1433 என்று போட்டேன், முன்னால் டிசிபி என்றும் சேர்த்து. காரணம் உண்டு. நேம்ட் பைப்ஸ் என்ற இன்னொரு இணைப்பு வழியாகப் போனால் எஸ்க்யூஎல் லாகினாக இருந்தாலும் பைப்பைத் திறக்கவே விண்டோஸ் அடையாளம் கேட்கும். அப்புறம் சுற்றி அதே பள்ளத்தில்தான் விழுவோம். மண்டியில் ஏற்கெனவே 1433தான். அப்படி இல்லாத இடத்தில் போர்ட்டை நிரந்தரமாக்க, கான்ஃபிகரேஷன் மேனேஜரில் டிசிபி பகுதிக்குப் போய், ஐபி ஆல் என்ற இடத்தில் டைனமிக் போர்ட்டை அழித்துவிட்டு 1433 என்று எழுத வேண்டும். விண்டோஸ் 11ல் தேடினால் இந்த மேனேஜர் பல நேரம் கிடைக்காது. ரன் பெட்டியில் எஸ்க்யூஎல்சர்வர்மேனேஜர்15.எம்எஸ்சி என்று அடித்தால் வரும். 15 என்பது 2019 பதிப்புக்கு, 2022 என்றால் 16.

மத்தியானம் சாப்பாட்டுக்கு முன் எல்லா மேசையிலும் பில் போட்டார்கள். ஷேர் ஃபோல்டருக்கு மட்டும் பென் டிரைவ்.

27 அக்டோபர், திங்கள்

சென்னிமலை, போர்வைக் கடை. டேட்டா சோர்ஸ் பெயரே இல்லை என்கிறது, ஆனால் டேட்டாபேஸ் இணைப்புகளைப் பதிந்துவைக்கும் ஓடிபிசியில் கண்ணெதிரே இருக்கிறது. 64 பிட் ஜன்னலில் உருவாக்கியிருந்தார்கள், சாஃப்ட்வேரோ 32 பிட். சிஸ்டம்32 ஃபோல்டரில் இருப்பது 64 பிட்டுக்கு, சிஸ்வாவ்64ல் இருப்பது 32 பிட்டுக்கு. பெயர் வைத்த புண்ணியவான் யாரோ.

29 அக்டோபர், புதன்

கோபியில் ஒரு உரக்கடை. பழைய சர்வரின் பேக்கப்பைப் புது சர்வரில் ரீஸ்டோர் செய்து, அதே பெயரில் லாகினும் போட்டிருக்கிறார்கள். லாகின் ஆகிறது, டேட்டாபேஸ் மட்டும் திறக்க மறுக்கிறது. 4060, லாகில் 38.

டேட்டாபேஸுக்குள் இருக்கும் யூசரும் சர்வரில் இருக்கும் லாகினும் பெயரால் இணைவதில்லை. இங்கேயும் எஸ்ஐடிதான், ஆனால் இது எஸ்க்யூஎல் தானே போடும் எண். மண்டியில் எண் ஒன்றாக இருந்ததால் தகராறு, இங்கே வேறாக இருப்பதால் தகராறு. ஆல்டர் யூசர் என்று ஒரே வரியில் அந்த யூசரை லாகினோடு மறுபடி கோத்தேன். நெட்டில் தேடி டேட்டாபேஸ் யூசரை டெலீட் செய்ய இருந்தார் கடைக்காரரின் மகன். கொடுத்திருந்த உரிமைகள் அத்தனையும் போயிருக்கும்.

2 நவம்பர், ஞாயிறு

மண்டிக்கு விடுமுறை. மெஷின் கொடுத்தவரும் வந்திருந்தார், கையில் பஜ்ஜிப் பொட்டலத்தோடு. சர்வரைத் தொடுவதில்லை என்று முதலிலேயே முடிவு. எஸ்க்யூஎல் ஓடும் மெஷினில் சிஸ்பிரெப் விளையாட்டு வேண்டாம். அந்த எஸ்ஐடி சர்வருக்கே இருக்கட்டும், மற்றவை ஒவ்வொன்றும் புது எண் வாங்கினால் போதும். ஆளுக்கொரு பக்கம் பிரித்துக்கொண்டு, டெஸ்க்டாப்பில் கிடந்ததையெல்லாம் நகல் எடுத்துவிட்டு ஆரம்பித்தோம்.

முதல் மெஷினே ஒத்துக்கொள்ளவில்லை. இந்த நிறுவலைச் சரிபார்க்க முடியவில்லை என்று மட்டும் சொல்லிவிட்டு நின்றது. சிஸ்பிரெப் ஃபோல்டருக்குள் பாந்தர் என்றொரு ஃபோல்டர், அதில் செட்டப்ஆக்ட் லாக். டிஸ்க்கை என்கிரிப்ட் செய்யும் பிட்லாக்கர் இயக்கத்தில் இருக்கிறது என்று அங்கே தெளிவாக எழுதியிருக்கிறது. 24எச்2ல் புதிதாக நிறுவினால் பெரும்பாலும் நாம் கேட்காமலேயே டிஸ்க் என்கிரிப்ஷன் ஏறிக்கொள்ளும். அதை நிறுத்தி, முழுக்க அவிழும் வரை காத்திருந்தோம். இன்னொரு மெஷினில் ஸ்டோர் ஆப் ஒன்று ஒரே யூசருக்கு மட்டும் நிறுவப்பட்டிருந்ததால் மறுப்பு. அதை நீக்கினால் அடுத்த ஆப்பைக் காட்டியது, அதையும் நீக்கினால் இன்னொன்று. அந்த ஒன்றைப் பொறுமை கெட்டு அண்ணனே யுஎஸ்பியிலிருந்து புதிதாக நிறுவிவிட்டார். யோசித்தால் எல்லாவற்றுக்கும் அதுவே சீக்கிரம் முடிந்திருக்கும்.

விளக்கு வைக்கும் நேரத்துக்கு எல்லா மெஷினிலும் ஹூஆம்ஐ ஓட்டிப் பார்த்தோம். எண்கள் வேறு வேறு. ஷேர் ஃபோல்டர் கேள்வி கேட்காமல் திறந்தது, பழைய விண்டோஸ் லாகினும் வேலை செய்கிறது. ஆனாலும் எஸ்க்யூஎல் லாகினை எடுக்கவில்லை, அதிலேயே ஓடட்டும்.

கிளம்பும்போது அண்ணன் தன் டெலிவரி நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். அதே எஸ்எஸ்டியிலிருந்து குளோன் எடுத்த கடைகள் பவானியில், பெருந்துறையில், அந்தியூரில் இருக்கின்றன. அதில் இரண்டு எங்கள் வாடிக்கையாளர்கள். அப்டேட் இன்னும் ஏறவில்லையாம். நாளைக்குக் காலையில் நானே போன் போடுவதாகச் சொல்லியிருக்கிறேன், பெருந்துறைக்காரருக்கு முதலில். அவரிடம் இருப்பதுதான் அதிக மெஷின்.