கவெட்: பொறாமையா, ஆசையா?

மத்திய அரசு வேலைக்கான எஸ்எஸ்சி சிஜிஎல் முதல் கட்டத் தேர்வில் ஆங்கிலத்துக்கு 25 கேள்வி, 50 மதிப்பெண், தப்பாகப் போட்டால் ஒவ்வொன்றுக்கும் அரை மதிப்பெண் காலி. அதில் வரும் சினானிம் (ஒத்த சொல்), ஆன்டனிம் (எதிர்ச்சொல்) கேள்விகளுக்காக நோட்டில் ஒரு பக்கம் ஆங்கிலம், எதிர்ப்பக்கம் தமிழ் என்று எழுதி உருப்போடுவதுதான் நம்மில் பலருடைய வழக்கம். நிறைய சொற்களுக்கு அதுவே போதும். கவெட் (covet) என்ற ஆங்கிலச் சொல்லுக்குப் போதாது, ஏனென்றால் 'பொறாமைப்படு' என்று எழுதினாலும் 'ஆசைப்படு' என்று எழுதினாலும் பாதி அர்த்தம் வெளியே நிற்கும்.

எனக்கு இது புரிந்தது திருக்குறளை வைத்துத்தான். 17ஆவது அதிகாரம் அழுக்காறாமை, 18ஆவது வெஃகாமை. மதிப்பெண்ணுக்காகப் படிக்கும்போது ரெண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். அடுத்தவன் நன்றாக இருக்கிறானே என்று வயிறு எரிந்தால் அது அழுக்காறு, ஆங்கிலத்தில் என்வி. அவனிடம் இருப்பது எனக்கு வேண்டும் என்று அந்தப் பொருள் மேலேயே கண் வைத்தால் அது வெஃகுதல், அதுதான் கவெட். பைபிளின் பத்துக் கட்டளைகளில் கடைசியாக வரும் 'இச்சியாதிருப்பாயாக' என்பதற்கும் ஆங்கிலத்தில் இந்தச் சொல்தான். அங்கே பிறனுடைய வீடு, மனைவி தொடங்கி எருது, கழுதை வரைக்கும் பட்டியல் போகும்.

இந்த வித்தியாசம் பிடிபட்டால் வாக்கியம் தானாக வந்துவிடும். 'ஐ என்வி ஹிம்' என்றால் அவனைப் பார்த்துப் பொறாமை. 'ஐ கவெட் ஹிம்' என்றால் அவனே எனக்கு வேண்டும் என்று ஆகிவிடும், கதையே வேறு! 'ஹி கவெட்ஸ் மை ஜாப்' சரி. நடுவில் 'ஃபார்' போட்டு 'கவெட்ஸ் ஃபார் மை ஜாப்' என்று கொடுத்தால் பிழை அங்கேதான், யோசிக்கவே வேண்டாம்.

அப்புறம் கவெட்டட். ஆங்கிலப் பேப்பரின் விளையாட்டுப் பக்கத்தில் 'தி கவெட்டட் டிராபி' என்று அடிக்கடி கண்ணில் படும். இங்கே கெட்ட வாடையே கிடையாது, எல்லோரும் அடையத் துடிக்கிற கோப்பை என்று பாராட்டாகவே வருகிறது. ஆகவே ஆப்ஷனில் என்வியஸ், டிசயரபிள் ரெண்டும் இருந்தால் கை டிசயரபிள் பக்கம் போகட்டும். என்வியஸ் பொருந்துவது கவெட்டஸுக்கு, 'கவெட்டஸ் ஐஸ்' என்றால் அடுத்தவன் பொருளை மேயும் கண்கள். ஒரே வேரில் பிறந்த ரெண்டு சொல்லில் ஒன்று மெடல் பக்கமும் இன்னொன்று பேராசைப் பக்கமும் போய்விட்டது என்பதால் கேள்வி எடுப்பவருக்கு இது அல்வா.

எழுத்துப்பிழைக் கேள்வியில் ரிக்ரெட் கடந்த காலத்தில் ரெண்டு 'டி' வாங்கும். அழுத்தம் முதல் அசையில் விழுவதால் கவெட்டுக்கு ஒரே 'டி'தான். நடுவில் ஓர் 'ஆர்' நுழைந்தால் அது கவர்ட், ரகசியமான என்று பொருள், இதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அவசரத்தில் படித்தால் ரெண்டும் ஒன்றாகத் தெரியும், பார்த்துப் போடுங்கள்.