ஆடி மாதத்து வல்லூறு

ஆடியில் முகூர்த்தம் இல்லை. கேமராவைத் தூக்கிக்கொண்டு அரிட்டாபட்டிக்கு வந்துவிட்டேன். மேலூர் பக்கம், 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட ஊர். மலையில் தமிழி எழுத்துக் கல்வெட்டு, பாண்டியர் காலக் குடைவரை, பாறை இடுக்குகளில் வல்லூறு. வேறென்ன வேண்டும்?

பிலிம் காலத்தில் தொழிலுக்கு வந்தவன் நான். ரோலுக்கு 36 படம். தாலி கட்டும் நேரத்தில் தீர்ந்துவிடுமோ என்ற பயத்தில் 30ஆவது படத்திலேயே ரோலை மாற்றிவிடுவேன். மிச்சம் ஆறும் வீண்தான், மானம் தப்பியது. இப்போது ஒரு கல்யாணத்துக்கு 4,000 படம் எடுக்கிறேன். மணமக்களே முழுதாகப் பார்ப்பதில்லை. அவர்களுக்கு 30 விநாடி ரீல்ஸ் போதும், அதுவும் பந்தியில் நான் இலை போட்டு உட்காருவதற்குள்! (போன வைகாசியில் எடுத்த ஒரு ஆல்பத்துக்கு இன்னும் பாக்கி வரவில்லை. அது தனிக் கதை.)

இன்று மூன்று மணி நேரம் பாறையில் காத்திருந்ததில் உருப்படியாக இரண்டே படம். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் அருகில் வந்து பார்த்தார்.

"பருந்தைப் படம் பிடித்தால் யார் தம்பி காசு கொடுப்பார்கள்?"

"யாரும் இல்லை ஐயா."

"அப்படியென்றால் என் ஆடுகளையும் ஒன்று எடு."

எடுத்தேன். அதுதான் இன்றைக்கு நன்றாக வந்த படம்.