ரோடு கிராஸ் பண்ண விஆர் கண்ணாடி: எங்க வீட்டு அனுபவம்

விஆர் (வர்ச்சுவல் ரியாலிட்டி) தெரபி, அதாவது கண்ணை மூடற மாதிரி ஒரு ஹெட்செட் கண்ணாடியை மாட்டி, நெஜ இடத்துல நிக்கற மாதிரியே காட்டி பழக்கறதுன்னு சொன்னதும் எங்க மாமியார் "காசு குடுத்து கேம் ஆட விடறீங்களா"ன்னு கேட்டாங்க. அவங்களை சொல்லி குத்தமில்ல, அப்போ எங்களுக்கும் அதுக்கு மேல ஒண்ணும் தெரியாது. பையனுக்கு 16 வயசு, ஆட்டிசம், கூடவே அறிவுசார் குறைபாடும் இருக்கு, ரெண்டு மூணு வார்த்தை சேர்த்து பேசுவான். உயரத்துல என்னைத் தாண்டிட்டான், ஆனா ரோட்ல யாராவது ஹார்ன் அடிச்சா காதைப் பொத்திக்கிட்டு நடுரோட்லயே நின்னுடுவான், முன்ன மாதிரி தூக்கிட்டு ஓடவா முடியும்? சோ நாங்க போனதே ஒரே ஒரு விஷயத்துக்காக, வேளச்சேரில எங்க தெரு முனை ரோட்டை கிராஸ் பண்ணி எதிர்ப்பக்கம் பஸ் ஸ்டாப்புக்கு போய் நிக்கணும், அவ்ளோதான்.

என் வீட்டுக்காரர் எதையும் படிச்சுப் பாக்காம விடமாட்டார். அமெரிக்காவுல 1996லயே ஆட்டிசம் இருக்கற ரெண்டு பசங்களுக்கு விஆர்ல ரோடு காட்டி சொல்லிக்குடுத்து பாத்திருக்காங்களாம், அப்போ ஹெல்மெட் மாதிரி பெரிய கனமான சாமான். அப்புறம் இங்கிலாந்துல நியூகாஸில் யுனிவர்சிட்டி ஆளுங்க 2014ல போட்ட பேப்பர், அதுல தலைல ஒண்ணும் மாட்டல, சுவரெல்லாம் ஸ்கிரீனா இருக்கற ரூம், தெரபிஸ்ட் பக்கத்துலயே நின்னு பேசி பயத்தைக் குறைக்கறாங்க. 9 பசங்கள்ல 8 பேர் பயந்த இடத்தை சமாளிச்சாங்க, அதுல 4 பேருக்கு பயம் சுத்தமா போச்சுன்னு இருந்துச்சு. கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா அந்த 9 பேரும் சரளமா பேசற பசங்க, நம்ம பையன் கதை வேற, அந்த ரிசல்ட்டை அப்படியே எதிர்பாக்காதீங்கன்னு எங்க சென்டர்ல இருக்கற ஓ.டி. (ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்) மேடம் முதல்லயே சொல்லிட்டாங்க. அவங்க மேல நம்பிக்கை வந்ததே அந்த ஒரு வார்த்தைலதான்.

இதுக்கு முன்னாடி பாத்த ஒரு சென்டர்ல முதல் நாளே ஹெட்செட்டை தலைல மாட்டிட்டாங்க, அவன் கத்தின கத்துல பில்டிங்கே திரும்பிப் பாத்துச்சு. இவங்க அப்படி பண்ணல. முதல்ல நியூராலஜிஸ்ட் லெட்டர் கேட்டாங்க, ஏன்னா நம்ம பசங்கள்ல நிறைய பேருக்கு ஃபிட்ஸ் இருக்கும், மினுக் மினுக்னு வெளிச்சம் வந்தா சிலருக்கு அது தூண்டி விட்டுடும். என் பையனுக்கு சின்ன வயசுல வந்திருக்கு, டாக்டர் பாத்துட்டு கொஞ்ச நேரம்தான் போடணும்னு எழுதிக் குடுத்தார். கண் டெஸ்ட்டும் ஆச்சு.

அப்புறம் கண்ணாடிக்கு பழக்கறது. உண்மைல பாதி தெரபி இதுதான். க்வெஸ்ட் 2 ஹெட்செட் அரை கிலோ இருக்கும், ஆனா அவனுக்கு வெயிட் பிரச்சனை இல்ல, நெத்தில ஸ்ட்ராப் அழுத்தறதுதான் பிடிக்கல. வீட்ல தொப்பி, அதுக்கப்புறம் நீச்சல் கண்ணாடி, பத்து எண்ணி முடிச்சா கழட்டிடலாம்னு டீல். சென்டர்லயும் ஹெட்செட்டை ஆன் பண்ணாமலேயே கைல குடுத்து வச்சாங்க. "வேணாம்"னு சொன்னா அந்த செகண்டே கழட்டிடுவாங்க. அவன் சொன்னதை கேட்டு மேடம் கழட்டினதாலதான் அடுத்த தடவை மாட்டவே விட்டான்னு நான் நினைக்கறேன்.

முதல் காட்சி ஒரு பீச், எதுவும் நகராது. கண்ணுக்கு நகர்ற மாதிரி தெரிஞ்சு உடம்பு நகரலன்னா தலை சுத்தும், வாந்தி வரும், நம்ம பசங்க அதை வாய் விட்டு சொல்லவும் மாட்டாங்க. அதனால முகம் வெளுக்குதா, எச்சில் ஜாஸ்தி முழுங்கறானான்னு பாத்துட்டே இருக்கணும். அவன் பாக்கறது அப்படியே பக்கத்துல டேப்லெட்ல தெரியும், எங்க பாக்கறான் எதைப் பாத்து தலையை திருப்பிக்கறான்னு எல்லாம் பிடிபடும்.

ரோடு காட்சி வந்தப்பதான் சிரிப்பு. அது வெளிநாட்டு சாஃப்ட்வேர், வண்டி எல்லாம் வலது பக்கம் ஓடுது! அங்க முதல்ல இடது பக்கம் பாக்கணும், நம்ம ஊர்ல முதல்ல வலது பக்கம். பேசிப் புரியவைக்கற பசங்கன்னா மாத்தி சொல்லிடலாம், இவன் ஒண்ணு கத்துக்கிட்டா அதேதான், மாத்த மாசக்கணக்குல ஆகும். அதுவும் போக அந்த ரோட்ல சிக்னல்ல நடக்கறவங்களுக்கான பச்சை மனுஷன் படம் வந்தா எல்லா வண்டியும் நிக்குது, வேளச்சேரில யார் நிக்கறா? மேடமே சுத்தி எல்லா பக்கமும் படம் எடுக்கற 360 கேமராவை எடுத்துக்கிட்டு எங்க தெரு முனைக்கு வந்து வீடியோ எடுத்தாங்க. வீடியோல நடந்தெல்லாம் போக முடியாது, நின்ன இடத்துலேருந்து சுத்திப் பாத்து "போலாம்" "நில்லு"ன்னு சொல்லணும், அவ்ளோதான். ஆனா சத்தத்தை நம்ம இஷ்டத்துக்கு வைக்கலாம். முதல்ல மியூட், அப்புறம் லேசா, கடைசில நிஜ ரோடு அளவுக்கு ஹார்ன். நெஜ ரோட்ல எந்த ஆட்டோக்காரர் நமக்காக வால்யூம் குறைப்பார் சொல்லுங்க. என்னைக் கேட்டா விஆர்ல நாங்க குடுத்த காசு இந்த ஒண்ணுக்குத்தான்.

உள்ள பக்காவா பண்ணினான். வெளிய கூட்டிட்டு வந்தா பழைய மாதிரி நின்னுட்டான். மேடத்துக்கு ஆச்சரியமே இல்ல, ஒரு இடத்துல கத்துக்கிட்டதை இன்னொரு இடத்துக்கு கொண்டு போறதுதான் இந்த பசங்களுக்கு கஷ்டம்னாங்க. அதுலேருந்து கண்ணாடி அஞ்சு நிமிஷம், உடனே அதே ரோடு, அதே வார்த்தை, அதே "வலது பாரு". முதல்ல ஞாயித்துக்கிழமை காலைல, வண்டி கம்மியா இருக்கும்போது.

இப்ப நான் பக்கத்துல நின்னா அவனே வலது பாத்து, "நில்லு"ன்னு எனக்கே சொல்றான். காதுல கை போகுது, ஆனா கால் நிக்கறதில்ல. தனியா இன்னும் விடல, விடற ஐடியாவும் இப்போதைக்கு இல்ல. வேற ரோட்ல கொஞ்சம் தடுமாறுவான், அதுக்கு தனி வீடியோ எடுக்கணும்.

ஹெட்செட் வாங்கி வீட்லயே பண்ணலாமான்னு கேக்கறவங்களுக்கு: நாங்க வாங்கல. க்வெஸ்ட் ஹெட்செட் பண்ற மெட்டா கம்பெனிக்காரங்களே 10 வயசுக்கு கீழ வேணாம்னுதான் சொல்றாங்க, அதுக்கு மேல இருந்தாலும் எப்ப நிறுத்தணும்னு பாக்க தெரிஞ்ச ஆள் பக்கத்துல வேணும். சென்டர்ல சேக்கறதுக்கு முன்னாடி ரெண்டே கேள்வி கேளுங்க, புள்ள மாட்டிக்க மாட்டேன்னா என்ன பண்ணுவீங்க, கண்ணாடிக்கு அப்புறம் நெஜ இடத்துக்கு கூட வருவீங்களா. ரெண்டாவது கேள்விக்கு முழிச்சாங்கன்னா அந்த காசுக்கு சாதா ஓ.டி. செஷனே போடலாம்.