டிக்கோயா கோயிலில் பெரியம்மா கேட்ட கேள்வி

இலங்கை மலையகத்தில், ஹட்டனில் பஸ் ஏறி டிக்கோயா தாண்டினால் வார்லி கிறிஸ்து ஆலயம். 1878இல் வெள்ளைக்காரத் தோட்டத் துரைமார் கட்டிய கல் கோயில், சுற்றிவரத் தேயிலை, கீழே காசல்ரீ நீர்த்தேக்கம். படம் எடுக்கத்தான் நிறையப் பேர் வருகிறார்கள். நானும் பெரியம்மாவும் ஜெபிக்கப் போனோம்.

பெரியம்மா கொழுந்து எடுத்தே காலத்தை ஓட்டியவர். வேலையை விட்டு வருஷக்கணக்காகியும் ஆள்காட்டி விரலின் வெடிப்புக்குள் அந்தக் கறுப்பு அப்படியே இருக்கிறது. அந்த விரலை வரி வரியாக நகர்த்தி மத்தேயு 20ஐ வாசித்தார். திராட்சத்தோட்டத்து எஜமான் விடிகாலையிலிருந்து ஆள் பிடிக்கிறார், பொழுது சாய ஒரு மணி நேரம் இருக்கும்போது கடைத்தெருவில் நின்றவர்களையும் அனுப்புகிறார், கடைசியில் எல்லோருக்கும் ஒரே கூலி.

"ஒரு மணி நேரத்துக்கு முழுப்பேரா?" என்றார் பெரியம்மா. முழுப்பேர் என்றால் தோட்டத்தில் ஒரு நாள் முழுக்கூலி.

தோட்டத்தில் இருந்தவர்களுக்குத்தான் இந்தக் கேள்வியின் சூடு தெரியும். ஒரு நாளைக்கு 18 கிலோ கொழுந்து என்றால் 18 கிலோ, குறைந்தால் அரைப்பேர், பாதிக் கூலி. கடவுளும் மேலே ஒரு செக்ரோல், அதுதான் தோட்டத்துப் பேர்ப் பதிவேடு, வைத்துக்கொண்டு ஜெபம் இத்தனை, காணிக்கை இத்தனை என்று நிறுத்துப் பார்ப்பதாகத்தான் நம்மில் பலருக்கு நினைப்பு. பவுல் ரோமர் 4:4இல் இதையே பிடிக்கிறார்: வேலை செய்தவனுக்கு வருவது கூலி, அது கடன், கிருபை இல்லை. இரட்சிப்பு அந்தக் கணக்கில் வராது. இந்தக் கோயிலைக் கட்டியவர்களின் ஆங்கிலிக்கன் சபையும் தன் 39 கோட்பாடுகளில் 11ஆவதாக அதைத்தான் சொல்கிறது, விசுவாசத்தால் மட்டுமே நீதிமான்கள் என்று.

சரி, அப்படியென்றால் எப்படி வேண்டுமானாலும் நடக்கலாமா? உவமையிலேயே பதில் இருக்கிறது, நாம்தான் கூலிச் சண்டையில் அதைக் கவனிப்பதில்லை. கடைசி மணியில் கூப்பிடப்பட்டவர்களும் தோட்டத்துக்குள் போனார்கள். கூப்பிட்டது கேட்டும் தெருவிலேயே நின்றவனுக்கு முழுப்பேர் விழுந்ததாக அங்கே எழுதியில்லை. அதே 39இல் 12ஆவது, நற்செயல்கள் பாவத்தைப் போக்காது, ஆனால் உயிருள்ள விசுவாசத்திலிருந்து அவை வந்தே தீரும் என்கிறது. எனக்கு இந்த இரண்டும் சேர்ந்தால்தான் விஷயம் முழுமை. ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு பிரசங்கம் பண்ணுகிறவர்களைக் கேட்டால் சலிப்புத்தான் வருகிறது.

அப்புறம் யாக்கோபு. "கிரியைகள் இல்லாத விசுவாசம் செத்தது" என்பது எல்லோருக்கும் மனப்பாடம். அதே நிருபத்தின் 5:4ஐ, வயலை அறுத்தவர்களின் பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது என்கிற வசனத்தை, அவ்வளவாக யாரும் எடுப்பதில்லை. நான் அதைச் சத்தமாகவே வாசித்தேன். மலையகத்தில் நல்நடத்தை என்றால் குடிக்காதே, பொய் சொல்லாதே என்று வேலை செய்கிறவனுக்கே சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டது. யாக்கோபு படியளக்கிறவனையும் கூப்பிட்டு நிறுத்துகிறார்.

வெளியே துரைமார் கல்லறைகள். பாசி பிடித்த ஒரு சிலுவையைப் பெரியம்மா முந்தானையால் துடைத்துவிட்டு, "இவங்க அந்த வசனத்தை வாசிச்சிருப்பாங்களா தம்பி?" என்றார்.

"வாசிச்சிருப்பாங்க. கடைசி நேரத்துல மனம் திரும்பியிருந்தா அவங்களுக்கும் முழுப்பேர்தான் பெரியம்மா."

கொஞ்ச நேரம் பேசவில்லை. "அப்படின்னா காலையிலேயே வந்தவங்க முறுமுறுத்தாங்களே, அவங்க பக்கம்தான் நான்" என்று சொல்லிவிட்டு அடுத்த சிலுவையைத் துடைக்கப் போனார்.