499 கிலோ: தராசு கடைசியில் ஒரே எண்ணைச் சொன்னது

மூன்று வாரமாக முரண்டு பிடித்த என் விமானத்தின் எடை நேற்று வழிக்கு வந்தது. இடது சக்கரம் 238.5, வலது 236, வால் சக்கரம் 24.5. ஆக 499 கிலோ. இறக்கிவிட்டு மறுபடி ஏற்றினேன், 499.2. இன்னொரு தடவை, 499.

இதே விமானம் போன வாரம் ஒரு நாள் 497 காட்டியது, மறுநாள் 504.5. தராசுகளை இடம் மாற்றிப் பார்த்தும் பயனில்லை. கோளாறு எங்கே என்றால், ஜாக்கிலிருந்து இறக்கும்போது சக்கரக் கால்கள் வில் மாதிரி வெளிப்பக்கம் விரிகின்றன. டயரோ தராசைக் கவ்விக்கொண்டு நகர மறுக்கிறது. அந்தப் பக்கவாட்டு இழுப்பில் எண் குழம்பிவிடுகிறது. சக்கரத்துக்கு அடியில் இரண்டு அலுமினியத் தகடுகள், நடுவே கிரீஸ் வைத்தேன். டயர் பட்டதும் மேல் தகடு ஒரு விரல் அகலம் வழுக்கிப் போனது. எண் அப்படியே நின்றது! தகடுகளின் எடையைக் கழித்துவிடுங்கள். ஹேங்கர் கதவையும் சாத்திவிடுங்கள், இறக்கையில் லேசாகக் காற்று பட்டாலே எண் ஆடும்.

அப்புறம் தூரம். வால் சக்கரத்தின் ஆர்மில், அதாவது டேட்டம் என்ற குறிப்புக் கோட்டிலிருந்து அதற்குள்ள தூரத்தில், 1 செ.மீ. பிசகினால் சி.ஜி. (விமானத்தின் எடை மையம்) அரை மி.மீ.தான் நகர்கிறது. முதன்மைச் சக்கரங்களில் அதே 1 செ.மீ. பிசகினால் 9.5 மி.மீ. எடையில் 95 சதவீதம் அங்கேதானே இருக்கிறது! அதனால் தூக்குக்குண்டு விட்ட இடத்தை நான்கு முறை அளந்தேன். ரசமட்டத்திலும் கவனம் வேண்டும். உடல் 1 டிகிரி சாய்ந்திருந்தால், ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விடும் குண்டு 17 மி.மீ. தள்ளி நிற்கும்.

சக்கரங்கள் டேட்டத்திலிருந்து 1.60 மீ., வால் 6.00 மீ. வெற்று சி.ஜி. 1.816. என் எல்லை 1.80 முதல் 2.00 வரை.

பெயின்ட் இன்னும் அடிக்கவில்லை. மெல்லிய பூச்சாக ஒரே நிறம் போதும் என்று முடிவு செய்திருக்கிறேன். அடித்ததும் எலிவேட்டரை (மூக்கை ஏற்றி இறக்கும் வால் தகடு) தனியாகச் சமன் பார்க்க வேண்டும், முழு விமானத்தையும் மறுபடி தராசில் ஏற்ற வேண்டும்.

சரி, சுமைக் கணக்குக்கு வருவோம். கூடப் பறக்கப்போகும் நண்பர் "எழுபது இருப்பேன்" என்றார். காலணி, ஜாக்கெட்டோடு தராசில் நிறுத்தினேன், 80. 2003-இல் அமெரிக்காவின் சார்லட்டில் விழுந்த பீச் 1900டி பயணிகள் விமானத்தில் 21 பேர் இறந்தார்கள். எலிவேட்டர் கேபிளைத் தவறாக அமைத்திருந்தார்கள். அதோடு, சராசரி எடைகளை வைத்துப் போட்ட கணக்கால் சி.ஜி. பின் எல்லையைத் தாண்டியிருந்தது. அதனால் வாய்வார்த்தையாகச் சொல்லும் எடையை நான் தாளில் எழுதுவதில்லை.

இருவரும் ஆளுக்கு 80 கிலோ, ஆர்ம் 2.30, பெட்ரோல் 100 லிட்டர், அதாவது 72 கிலோ, ஆர்ம் 1.90, பெட்டி 40 கிலோ, ஆர்ம் 3.10. கிளம்பும்போது சி.ஜி. 1.991. பெட்ரோல் சி.ஜி.க்கு முன்னால் இருப்பதால், தீரத் தீர சி.ஜி. பின்னால் போகிறது. 10 லிட்டர் மிச்சத்தோடு இறங்கும்போது 1.999. எல்லைக்கு ஒரு மி.மீ.தான் பாக்கி! ஸ்டால் ஆனால், அதாவது இறக்கை தூக்குவிசையை இழந்தால், மூக்கு கீழே வராமல் போகக்கூடிய பக்கம் அது. பெட்டியை 30 கிலோவாகக் குறைத்தால் இறங்கும்போது 1.983. பெட்டி அறையின் கதவில் 30 என்று எழுதி ஒட்டிவிட்டேன்.