இரும்பின் ஒளிக்கோடு ஒன்றை அளந்த கதை

காலையில் ஆய்வகத்துக்குள் நுழைந்ததும் என் முதல் வேலை விளக்கை ஏற்றுவது. சிறிய இரும்புக் குழாய், அதற்குள் குறைந்த அழுத்தத்தில் நியான் வாயு, சில நூறு வோல்ட் மின்னழுத்தம், இவ்வளவுதான் விளக்கு. நியான் அயனிகள் குழாயின் உள்சுவரில் மோதி இரும்பு அணுக்களைப் பெயர்த்தெடுக்கும். பெயர்ந்த அணுக்கள் மற்ற துகள்களோடு மோதிக் கிளர்ந்து ஒளிவிடும். அந்த ஒளியை நிறமாலைமானியில் அலைநீளவாரியாகப் பிரித்தால், இரும்பு விடும் ஒவ்வொரு அலைநீளமும் ஒரு கோடாகத் தெரியும். அவற்றைக் கோடு கோடாக அளப்பேன்.

சூரியனில் இரும்பு இருப்பது 19ஆம் நூற்றாண்டிலேயே தெரியும். ஜெர்மானிய இயற்பியலாளர் கிர்க்காஃப் சூரிய நிறமாலையின் கருங்கோடுகளை ஆய்வகத்து இரும்புக் கோடுகளோடு பொருத்திப் பார்த்துவிட்டார். இருக்கிறதா என்று சொல்லக் கோட்டின் இடம் போதும். எவ்வளவு இருக்கிறது என்பதுதான் கடினம். ஒரு கோடு அழுத்தமாகத் தெரிந்தால், அங்கே அணுக்கள் நிறைய இருக்கலாம். அல்லது அந்தக் கோட்டை உண்டாக்கும் தாவல், அதாவது ஓர் ஆற்றல் மட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறுவது, அணுவுக்கு எளிதாக இருக்கலாம். விண்மீனை மட்டும் பார்த்து இரண்டையும் பிரிக்க முடியாது. அந்த எளிமையின் அளவான தாவல் வாய்ப்பை இங்கே, இந்த மேசையில் அளந்தாக வேண்டும்.

1960களில் சூரிய மேற்பரப்பின் இரும்பு, சூரியனோடு ஒரே பொருளிலிருந்து உருவான விண்கற்கள் காட்டும் அளவில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குதான் என்று கணக்கு வந்தது. 1969இல் ஜெர்மனியின் கீல் நகரில் கார்ஸ், கோக் முதலியோர் தாவல் வாய்ப்புகளைப் புதிதாக அளந்தபோது, தவறு பழைய ஆய்வக எண்களில் இருந்தது தெரிந்தது. சூரியனின் கணக்கு விண்கற்களை நெருங்கி வந்தது. இதை முதலில் படித்த நாளில் எனக்குக் கொஞ்சம் பயமே வந்தது.

அந்தப் பயம் வீண் இல்லை. அணு ஒரே மேல் ஆற்றல் மட்டத்திலிருந்து இறங்கும்போது வரும் கோடுகளின் ஒளி விகிதம், விளக்கின் மின்னோட்டத்தைக் கூட்டினாலும் குறைத்தாலும் மாறக் கூடாது. என் அளவில் மாறியது. நல்ல சமிக்ஞை வேண்டும் என்று மின்னோட்டத்தை உயர்த்தியே வைத்திருந்தேன். அதனால் குழாய்க்குள் இரும்பு அணுக்கள் பெருகி, வலுவான கோட்டின் ஒளியில் ஒரு பகுதியை வெளியே வருமுன்பே விழுங்கிவிட்டன. வலுவான கோடு மெலிந்து பதிவானது. மூன்று வார அளவீடுகளைத் தூக்கிப் போட்டேன். கூட வேலை செய்யும் அக்கா நோட்டைப் புரட்டிவிட்டு, "நல்ல வேளை, வெளியிடுவதற்கு முன்னாலேயே பார்த்தாய்" என்றார்.

அப்புறம் குறைந்த மின்னோட்டத்திலேயே மணிக்கணக்காக ஓடவிட்டுப் பதிவுகளைக் கூட்டினேன். மின்னோட்டத்தைப் படிப்படியாக மாற்றி, விகிதம் எங்கே நிலைக்கிறது என்று பார்த்தேன். உணர்கருவி எந்த அலைநீளத்துக்கு எவ்வளவு கூர்மை என்பதை டங்ஸ்டன் விளக்கால் சரிபார்த்தேன். மேல்மட்டத்தின் ஆயுள், அதாவது அணு அங்கே சராசரியாகத் தங்கும் சில நானோசெகண்ட் நேரம், லேசர் துடிப்பால் தனியே அளக்கப்பட்டிருந்தது. விகிதமும் ஆயுளும் சேர்ந்தால்தான் தாவல் வாய்ப்பு கிடைக்கும்.

இப்போது தொலைநோக்கிகள் அகச்சிவப்பில் ஏராளமான விண்மீன்களைப் பார்க்கின்றன. அங்குள்ள பல கோடுகளுக்கு ஆய்வக எண்கள் இன்னும் போதவில்லை. குழாயைக் கழற்றிச் சுத்தம் செய்துவிட்டேன். நாளை காலை அகச்சிவப்பு உணர்கருவியைப் பொருத்த வேண்டும்.